உப்பு பூத்த சுவருக்கு கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு: கடலூர் முதுநகர் வீட்டுல செஞ்சு பார்த்தது

ஐப்பசி கார்த்திகை மழை முழுசா பார்த்தாச்சு, முன்ரூம் சுவர்ல பூசின சுண்ணாம்பு ஒரு இடத்துலகூட விடலை, அதனால இப்போ தைரியமா எழுதலாம். வீடு கடலூர் முதுநகர்ல, துறைமுகத்துக்குப் பக்கம். தாத்தா காலத்து வீடு, சின்ன சைஸ் செங்கல், சுண்ணாம்புக் காரையில கட்டினது, அஸ்திவாரத்துக்கு மேல ஈரம் ஏறாம தடுக்கற அடுக்குன்னு ஒண்ணும் கிடையாது. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்போ முன்பக்கச் சுவர் ஊறிப் போச்சு, அதுக்கப்புறம் பழைய பூச்ச தட்டிட்டு சிமெண்ட் பூசினோம். அன்னையிலேருந்து ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் தரையிலேருந்து நாலடி உயரம் வரைக்கும் வெள்ளையா உப்பு பூக்கும், பெயிண்ட் பொரியும், சித்திரை வந்தா பூச்சு பாளமா கழண்டு விழும். வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் கலந்து பூசியாச்சு, அதுக்கு மேல வால் புட்டி வச்சாச்சு, எபாக்ஸி மாதிரி ஒண்ணு தடவியாச்சு. ஈரம் கீழ வரலைன்னா அஞ்சடிக்கு ஏறி அங்க பூத்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் டியூஷன் எடுக்கறவன், பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரில சுண்ணாம்புக்கல், சுட்ட சுண்ணாம்பு, நீத்த சுண்ணாம்பு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சிமெண்ட் எல்லாம் வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கறேன். அந்தச் சமன்பாட்ட போர்டுல எழுதற அதே ரூம்ல பின்னாடி சுவர் உதிர்ந்துகிட்டு இருந்துச்சு. அதனால இந்த தடவ சமன்பாட்டையே சுவர்ல செஞ்சு பாத்துடுவோம்னு ஆரம்பிச்சேன், அக்கா பொண்ணு பத்தாவது படிக்கறா, அவளும் கூட சேந்துகிட்டா, எடை போடறது நோட்ல எழுதறது எல்லாம் அவ கணக்கு.

முதல்ல அந்த வெள்ளைப் பொடி என்னன்னு பாத்தோம். சுவர்லேருந்து ஒரு ஸ்பூன் சுரண்டி டிஸ்டில்ட் வாட்டர்ல கரைச்சு வடிகட்டி ரெண்டு டெஸ்ட் ட்யூப்ல ஊத்தினோம். ஒண்ணுல ரெண்டு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டு சில்வர் நைட்ரேட் சேர்த்தா உடனே வெள்ளையா திரிஞ்சுது, அந்த வீழ்படிவு அம்மோனியா விட்டதும் கரைஞ்சு போச்சு, ஆக குளோரைடு. இன்னொண்ணுல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சேர்த்து பேரியம் குளோரைடு விட்டதும் கொஞ்சமா வெள்ளை, அது சல்ஃபேட். பிளாட்டினம் கம்பி இல்லாததால ஸ்டீல் ஸ்பூன் முனைய நல்லா கழுவி சூடாக்கி அதுல பொடிய வச்சு ஸ்டவ்ல காட்டினோம், நல்ல மஞ்சள், சோடியம். பெரும்பகுதி சாப்பாட்டு உப்புதான், உப்பங்கழிக்கு இவ்வளவு பக்கத்துல நிலத்தடி நீர் வேற எப்படி இருக்கும். சில்வர் நைட்ரேட் விலை ஜாஸ்தி, கையில பட்டா கருப்பா ஒரு வாரம் போகாது, தெரிஞ்ச டீச்சர்கிட்ட சொட்டுக் கணக்குல வாங்கிட்டு வந்தேன், க்ளவுஸ் போட்டுதான் தொட்டோம்.

இதுலேருந்து ஒரு விஷயம் தெளிவாச்சு. தண்ணி செங்கல் வழியா மேல ஏறுது, உப்பையும் தூக்கிட்டு வருது. சிமெண்ட் பூச்சு அடர்த்தியா இருக்கறதால ஈரம் வெளிய போக வழி இல்லாம பூச்சுக்குப் பின்னாடியே தண்ணி காய்ஞ்சு உப்பு படிகமா வளருது, வளர வளர பூச்ச தள்ளுது. பூச்சு பலமா இருக்கறதுதான் இங்க பிரச்சனை. செங்கல்லையும் பழைய காரையையும்விட மெத்துன்னு, ஈரத்த வெளிய விடற பூச்சுதான் இதுக்கு வேணும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைங்கன்னு ஒரு கடையில சொன்னாங்க, ஜிப்சத்த சூடுபண்ணி பாதி மூலக்கூறு தண்ணி மட்டும் மிச்சம் வச்சு எடுக்கறது அது, தண்ணி சேர்த்தா அரை மணிக்குள்ள திரும்ப ஜிப்சமா இறுகிடும், ஆனா ஜிப்சம் லிட்டருக்கு ரெண்டு கிராம் அளவுக்கு தண்ணியில கரையும், எப்பவும் ஈரமா இருக்கற சுவருக்கு அது சரிப்படாது. அதனால சுண்ணாம்புன்னு முடிவு பண்ணோம்.

சிமெண்ட உடைச்சு எடுக்கறது நாங்களே செஞ்சோம். 12 அடி நீளம், 4 அடி உயரம், 48 சதுர அடி. தட்டையான உளி, ஒரு கிலோ சுத்தியல். பாதி இடத்துல உளி வைக்கவே வேணாம், தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்குது, விரல விட்டு நெம்பினாலே பாளமா வருது. உள்பக்கம் பாத்தா ஊசி ஊசியா வெள்ளைப் படிகம், ஒரு சில இடத்துல ரெண்டு மில்லிமீட்டர் நீளம் இருக்கும், லென்ஸ் வச்சுப் பாத்தா நுனி மினுங்குது. மிச்ச பாதி சிமெண்ட் செங்கல்ல ஒட்டிக்கிட்டு விடவே இல்ல, அந்த இடத்துலதான் செங்கல்லோட முகமே பேந்து வந்துச்சு, அதனால அங்கெல்லாம் மெதுவா சாய்வா செதுக்கினோம். செங்கல் இடுக்குல உதிர்ற பழைய காரைய ஒரு அங்குல ஆழத்துக்கு கீறி எடுத்து பிரஷ் போட்டாச்சு. இதுக்குத்தான் நேரம் ரொம்ப புடிச்சுது, ஆனா இங்க அவசரப்பட்டா மேல என்ன பூசினாலும் நிக்காது.

அடுத்து உப்ப இழுக்கறது. பழைய நியூஸ் பேப்பர கிழிச்சு ராத்திரி ஊறப்போட்டு கையால பிசைஞ்சு கூழாக்கி, அதோட கொஞ்சம் களிமண் சேர்த்து சுவர்ல ஒரு அங்குல தடிமனுக்கு அப்பினோம். சுவர முன்னாடியே நல்லா நனைக்கணும். கூழ் காயறப்போ சுவர்ல இருக்கற உப்புத் தண்ணி கூழுக்குள்ள வந்து அங்கேயே உப்பு நின்னுடும். ஃபேன் போட்டா நாலஞ்சு நாள்ல காயும், தானா விரிசல் விட்டு கழண்டு வரும். எடுத்த கூழ்ல 100 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் தண்ணியில ஊறவச்சு டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டறது) பாத்தோம், ஆர்ஓ தண்ணி செக் பண்றதுக்கு விக்கற அதே 280 ரூபாய் மீட்டர்தான். முதல் அப்பல்ல 2900 காட்டுச்சு, வெறும் கூழும் களிமண்ணும் அதே அளவு ஊறவச்சா 240 தான். திரும்ப அப்பினோம், 1600க்கு இறங்குச்சு, அப்புறம் 850. அதுக்குக் கீழ போகலை, ஏன்னா கீழேருந்து புதுசா ஏறிகிட்டே இருக்கு. 850ல நிறுத்திட்டோம். கூடவே வெளிப்பக்கம் சுவரோரமா போட்டிருந்த சிமெண்ட் தளத்த ஒரு அடி அகலத்துக்கு உடைச்சு ஜல்லி போட்டு விட்டோம், மழைத்தண்ணி சுவர்ல தெறிக்கறது குறைஞ்சுது. இது சின்ன வேலை, ஆனா இத விட்டுட்டு உள்ள எவ்வளவு பண்ணாலும் பாதிப் பலன்தான்.

இப்போ சுண்ணாம்பு. கடையில வாங்கறதுக்கு முன்னாடி சொந்தமா சுட்டுப் பாக்கணும்னு எனக்கும் அவளுக்கும் ஒரே ஆசை. கிளிஞ்சல்ங்கறது கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட். 100 கிராம் கால்சியம் கார்பனேட் முழுசா வெந்தா 44 கிராம் கார்பன் டை ஆக்சைடா போய் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அப்போ தராசு ஒண்ணு இருந்தா எவ்வளவு வெந்திருக்குன்னு சொல்லிடலாம், டெம்பரேச்சர் மீட்டர் தேவையில்ல. பழைய இரும்பு பக்கெட்டுக்கு உள்ள உடைஞ்ச செங்கல்லும் களிமண்ணும் வச்சுப் பூசி, அடியில ஓட்டை போட்டு ஒரு இரும்புப் பைப்ப சொருகி, பட்டறையில இரவல் வாங்கின ப்ளோயர மாட்டினோம். கொல்லையில, திறந்த வெளியிலதான். கரி எரியறப்போ கார்பன் மோனாக்சைடு வரும், ரூமுக்குள்ள இத யாரும் செய்யக் கூடாது.

நல்லா கழுவி ரெண்டு நாள் வெயில்ல காயவச்ச கிளிஞ்சல் சரியா 1000 கிராம். முதல் தடவ முழு ஓடா மேல கொட்டி கீழ கரி வச்சோம். ஓடு மங்கின சிவப்பா கனிஞ்சுது, பாக்க நல்லாதான் இருந்துச்சு. ஆறினப்புறம் சாம்பல சலிச்சு நிறுத்தா 720 கிராம். "மாமா, 440 குறையணும், 280தான் குறைஞ்சிருக்கு, முக்காவாசிகூட வேகலை"ன்னா அவ. ஒரு ஓட்ட உடைச்சு நடுவுல ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா புஸ்ஸுனு நுரை, உள்ள இன்னும் கார்பனேட்டாவே இருக்கு. அடுத்த சுத்துல ஓட்ட எல்லாம் கட்டைவிரல் நகம் சைஸுக்கு உடைச்சு, கரி ஒரு அடுக்கு ஓடு ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்தி போட்டு, ப்ளோயர விடாம ஓட்டினோம். இந்த தடவ ஆரஞ்சு நிறத்துக்கு வந்துச்சு, அந்த நிறம் 900 டிகிரி கிட்டன்னு அர்த்தம், கால்சியம் கார்பனேட் நல்லா உடையறதுக்கு அந்தச் சூடு வேணும். ஆறினதும் 585 கிராம். 440க்கு 415 குறைஞ்சிருக்கு, நூத்துக்கு 94 பங்கு. ஓட்டுல ஒட்டியிருக்கற ஈரம், உயிர்ப்பொருள் எரிஞ்சு போறதும் இந்தக் கணக்குல கலந்திருக்கும்தான், ஆனாலும் ஆசிட் விட்டா நுரையே இல்ல. கையில எடுத்தா எடையே இல்லாத மாதிரி தோணும், ஓட்டோட வரிகூட அழியாம அப்படியே இருக்கு, ஒரு சொட்டு தண்ணி விட்டதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அப்புறம் ஆவி வந்து, வெடிச்சு, விரிஞ்சு மாவாகுது. அத அவ திரும்பத் திரும்ப செஞ்சு பாத்துகிட்டே இருந்தா.

கரி மொத்தம் 8 கிலோ போச்சு, 360 ரூபாய். அரை கிலோ சுண்ணாம்புக்கு இது கட்டாது, ஆனா ஒரு பொருள எடைய வச்சே புரிஞ்சுக்க இதவிட நல்ல வழி எனக்குத் தெரியலை. சுவருக்கு வேண்டிய சரக்க கடையிலதான் வாங்கினேன், சுட்ட கிளிஞ்சல் 20 கிலோ, கிலோ 22 ரூபாய். வாங்கறப்போ கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கட்டியா ஓடு ஓடா இருக்கறதத்தான் வாங்கணும். மூட்டையிலயே பொடிஞ்சு மாவா கிடந்தா அது காத்துல ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் குடிச்சு பாதி செத்துப் போன சரக்கு. கையோட தண்ணி பாட்டிலும் கொஞ்சம் வினிகரும் கொண்டு போயிருந்தேன், கடைக்காரர் முன்னாடியே ஒரு ஓட்ட நனைச்சு சூடு வருதான்னு பாத்து, இன்னொண்ணுல வினிகர் விட்டு நுரை வரலைன்னு பாத்துதான் எடுத்தேன், அவரும் சந்தோஷமாத்தான் காட்டினார்.

நீத்தறது, அதாவது சுட்ட சுண்ணாம்ப தண்ணியோட சேர்க்கறது, இந்த வேலையிலயே ஆபத்தான கட்டம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீத்துப் போறப்போ கிட்டத்தட்ட 1150 கிலோஜூல் வெப்பம் வரும், 30 டிகிரில இருக்கற 3 லிட்டர் தண்ணிய கொதிநிலைக்குக் கொண்டு போக அதுவே போதும். அதனால தண்ணிய முதல்ல ஊத்திட்டு அதுல சுண்ணாம்ப கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பு மேல தண்ணி ஊத்தினா மேல தெறிக்கும். பாதி வெட்டின இரும்பு டிரம் எடுத்துகிட்டோம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சுண்ணாம்பு அலுமினியத்த அரிச்சு ஹைட்ரஜன் வாயு வரும். பிளாஸ்டிக் டப் சூட்டுல இளகிடும். கண்ண முழுசா மூடற கண்ணாடி, முழங்கை வரைக்கும் ரப்பர் க்ளவுஸ், முழுக்கை சட்டை, இதெல்லாம் போட்டுகிட்டு நான் மட்டும் நின்னேன், அவள பத்தடி தள்ளி நிக்க வச்சேன். கண்ணுல ஒரு துளி பட்டாலும் நிறைய தண்ணி விட்டு விடாம கழுவிகிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், சுண்ணாம்பு கண்ணையே பறிச்சிடும். லேப் தெர்மாமீட்டர் ஒரு நீளக் குச்சியில கட்டி உள்ள விட்டேன், 98 டிகிரி காட்டுச்சு. மண்வெட்டியால கிளறி, பால் பதத்துல இருக்கறப்போவே கொசுவலையால வடிகட்டினோம். வேகாத ஓட்டுத் துண்டும் கல்லுமா ரெண்டு கிலோ கிட்ட மேல நின்னுச்சு. இத விட்டுட்டா சுவர்ல பூசினப்புறம் அந்தத் துண்டு மெதுவா நீத்து விரிஞ்சு பூச்சுல கொப்புளம் கொப்புளமா தெறிச்சு விழும்.

வடிகட்டினத மூடி வச்சு ஒரு மாசம் விட்டோம், மேல எப்பவும் நாலு விரல் தண்ணி நிக்கணும். அந்தத் தெளிஞ்ச தண்ணிதான் டெஸ்ட் ட்யூப்ல ஊதினா பால் மாதிரி ஆகும்னு புத்தகத்துல வர்ற சுண்ணாம்புத் தண்ணி. மூடிய திறந்தா மேல மெல்லிசா கண்ணாடித் தாள் கணக்கா ஒரு ஏடு மிதக்கும், விரலால தொட்டா நொறுங்கும், காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு பட்டு உண்டான கால்சியம் கார்பனேட் அது. அடியில இருக்கற சரக்கு நாளாக நாளாக குழைஞ்சுகிட்டே வருது, ஒரு மாசத்துல கரண்டியில எடுத்தா வழுக்கிகிட்டு ஒட்டாம நிக்கற பதம். 35 லிட்டர் கிட்ட கிடைச்சுது.

அந்த மாசத்துலயே கடுக்காய்த் தண்ணியும் போட்டோம். பழைய கொத்தனார் ஒருத்தர், எழுபது வயசுக்கு மேல, இந்தப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுப் போடற பழைய மொட்டைமாடி) வேலையெல்லாம் செஞ்சவர், அவர்தான் அளவு சொன்னார். கொட்டைய எடுத்துட்டு இடிச்ச கடுக்காய் ஒரு கிலோ, நாட்டு வெல்லம் ஒரு கிலோ, 20 லிட்டர் தண்ணி, பத்து பன்னெண்டு நாள் புளிக்க விடணும். சாம்பிளுக்குக் கொஞ்சமா இரும்பு வாளியில போட்டுப் பாத்தப்போ மறுநாளே எழுதற மை கருப்பாயிடுச்சு, கடுக்காயில இருக்கற டானினும் இரும்பும் சேந்தா மைதான், பழைய காலத்துல அப்படித்தான் மையே செஞ்சாங்க. அத பூச்சுல கலந்தா சுவர் திட்டுத் திட்டா கறுத்திருக்கும். அப்புறம் பிளாஸ்டிக் டிரம்ல போட்டதும் தேன் நிறமா நின்னுச்சு. இது சுண்ணாம்ப பாறையாக்கிடும்னு பெரியவர் சொல்றார். என் கண்ணுல பட்டது வேற, கடுக்காய்த் தண்ணி சேர்த்த கலவை கரண்டிக்கு நல்லா இழுத்துக் குடுக்குது, சீக்கிரம் வறண்டு போகலை, சுருக்க விரிசலும் கம்மி. வெறும் தண்ணியில ஒரு தட்டும் கடுக்காய்த் தண்ணியில ஒரு தட்டும் போட்டு வெயில்ல வச்சதுல வெறும் தண்ணித் தட்டு சாயங்காலமே நடுவுல பிளந்துடுச்சு, இன்னொண்ணு முழுசா இருந்துச்சு.

கலவை: சுண்ணாம்பு விழுது 1, செங்கல் பொடி 1, ஆத்து மணல் ஒன்றரை, எல்லாம் கன அளவுல, ஒரே டப்பாவால அளந்தது. கடற்கரை மணல் கொண்டு வந்தா மறுபடி உப்பத்தான் கொண்டு வரோம். ஆத்து மணலையும் ரெண்டு தண்ணி அலசி, டிடிஎஸ் பாத்துட்டுதான் சேர்த்தோம். செங்கல் பொடிக்கு அதிகமா வெந்து கறுத்த செங்கல் ஆகாது, லேசா வெந்த நாட்டுச் செங்கல் பொடிதான் சுண்ணாம்போட வினை புரிஞ்சு ஈரத்துலயும் இறுகும். ஏற்கெனவே விழுதுல தண்ணி இருக்கறதால கடுக்காய்த் தண்ணி கொஞ்சம்தான் புடிக்கும். பெரியவர் சொன்ன ஒரே மந்திரம், "தம்பி, தண்ணி ஊத்தாத, இடி". உலக்கையால இடிக்க இடிக்க வறண்டு உதிரியா இருந்த கலவை தானா இளகி வருது, கால் மணி நேரத்துல கரண்டிய கவுத்தாலும் விழாம ஒட்டிக்கும்.

சுவர முந்தின நாள் சாயங்காலமும் அன்னைக்குக் காலையிலயும் நனைச்சோம். கீறின இடுக்கெல்லாம் முதல்ல அடைச்சாச்சு. ஜன்னல் ஓரத்துல ஒரு பட்டைய மட்டும் சாம்பிளா ஒரே தடவையில 20 மி.மீ. தடிமனா பூசினோம், மத்தியானக் காத்து அடிச்சு அன்னைக்கே வலை வலையா விரிசல், அத சுரண்டி எடுத்து திரும்ப இடிச்சு உபயோகிச்சோம், சுண்ணாம்புல இது ஒரு வசதி, இறுகறதுக்கு முன்னாடி எதுவும் வீணாகாது. அதுக்கப்புறம் 8 மி.மீ. ஒரு பூச்சு, அது விரல் அழுத்தினா குழி விழாத அளவுக்கு ஆனதும் ஆணியால கோடு கீறி விட்டு, ரெண்டாவது 7 மி.மீ. தூக்குக்குண்டு விட்டுப் பாத்தா சுவரே நடுவுல ஒரு அங்குலம் புடைச்சிருக்கு, அத நேராக்கப் போனா தடிமன் ஏறும், அதனால சுவர் போற போக்குலயே விட்டாச்சு. மட்டப்பலகைய போட்டு இழுத்துட்டு, மறுநாள் லேசா சுருக்கம் விட்ட இடத்துல எல்லாம் மணியாஸ் கட்டையால (பூச்ச தேய்க்கற மரப்பலகை) அழுத்தித் தேய்ச்சோம். இந்த ரெண்டாம் நாள் தேய்ப்பு இல்லைன்னா சுருக்க விரிசல் அப்படியே நின்னுடும், சிமெண்ட் பழகின கொத்தனார் இத செய்யாம போயிடுவார், கூடவே நின்னு சொல்லணும்.

பூசி முடிச்சதும் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம், சுவர்ல ஒட்டாம ரெண்டு அங்குலம் தள்ளி. சிமெண்ட் தண்ணியோட வினை புரிஞ்சு இறுகும். 1824ல இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கினாரே அந்த போர்ட்லேண்ட் சிமெண்ட்டோட வழிவந்த இன்னைக்கு சிமெண்ட், சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் 1450 டிகிரி வரைக்கும் சூடு வச்சு கட்டியாக்கி, ஜிப்சம் கொஞ்சம் சேர்த்து அரைச்சது, நீருக்கு அடியிலகூட இறுகும். சுண்ணாம்பு அப்படி இல்ல, அது சுடறப்போ போன கார்பன் டை ஆக்சைட காத்துலேருந்து திரும்ப வாங்கி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டா ஆகணும். காத்துல அது இருக்கறதே நூத்துக்கு 0.04 பங்கு. அதனாலதான் இவ்வளவு மெதுவு. அதுலயும் சுவர் முழுசா வறண்டா வினை நின்னுடும், தண்ணி சொட்டற அளவுக்கு ஊறியிருந்தா காத்து உள்ள போகாது. நனைச்சு, காயவிட்டு, நனைச்சு, காயவிட்டுன்னு மூணு வாரம் ஸ்ப்ரேயர்ல தெளிச்சோம். 74 கிராம் நீத்த சுண்ணாம்பு 44 கிராம் வாயுவ வாங்கிகிட்டு 18 கிராம் தண்ணிய வெளிய விடுது, அதனால சுவர் தானாவும் கொஞ்சம் ஈரம் கக்கும், அது கசிவுன்னு நினைச்சு பயப்பட வேணாம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச டெஸ்ட் இதுக்கப்புறம்தான். மூலையில மேசைக்குப் பின்னாடி மறையற இடத்துல ஒரு சில்லு உடைச்சு, உடைஞ்ச முகத்துல ஃபீனால்ஃப்தலீன் தெளிச்சோம். சுண்ணாம்பு நீத்த சுண்ணாம்பாவே இருந்தா அதோட பி.எச். 12க்கு மேல, பளிச்சுனு ரோஸ் நிறம் வரும், கார்பனேட் ஆயிட்டா நிறம் வராது. ஒரு மாசத்துல வெளிப்பக்கம் 3 மி.மீ. மட்டும் வெள்ளையா நிக்குது, அதுக்கு உள்ள முழுக்க ரோஸ், நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை தெரியுது. ஆடி மாசம் பாத்தப்போ 9 மி.மீ. வெள்ளை. அந்த சில்லுல வெள்ளையான பக்கத்துல ஆசிட் விட்டா கிளிஞ்சல்ல விட்ட மாதிரியே புஸ்ஸுனு நுரைக்குது. அவ அந்தச் சில்ல டப்பாவுல போட்டு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிட்டா.

மேல் பூச்சு 2 மி.மீ., விழுதும் மார்பிள் பொடியும் சரிபாதி, வழுவழுன்னு தேய்ச்சு விட்டோம். அதுக்கு மேல பெயிண்ட் இல்ல, எமல்ஷன் அடிச்சா ஈரம் மறுபடியும் அடைபட்டுப் போகும், நீர்க்க கரைச்ச சுண்ணாம்பு மூணு கோட் மட்டும், ஒவ்வொரு கோட்டும் அடிக்கறப்போ சாம்பலாத் தெரியும், காய்ஞ்சாதான் வெள்ளை ஏறும்.

செலவு சொல்றேன். சுட்ட கிளிஞ்சல் 440, மணல் 270, செங்கல் பொடி 240, கடுக்காய் 160, வெல்லம் 70, சாக்கு 150, கண்ணாடியும் க்ளவுஸும் 250, டிடிஎஸ் மீட்டர் 280, ஃபீனால்ஃப்தலீன் 120, சோதனைக்குக் கரி 360, கொத்தனார் கூலி 2000, சித்தாள் கூலி 1400. மொத்தம் 5740 ரூபாய். மார்பிள் பொடி பெரியவர் மிச்சம் வச்சிருந்தது, காசு வாங்க மாட்டேன்னுட்டார். சுவர் உடைச்சதும் உப்பு இழுத்ததும் நாங்களே. கரி, மீட்டர், ஃபீனால்ஃப்தலீன் இல்லாம பாத்தா 4980, சதுர அடிக்கு 104 ரூபாய் கிட்ட வருது. சிமெண்ட் இதுல பாதிதான் ஆகும், ஆனா அத ரெண்டு மழைக்கு ஒரு தடவ திரும்பப் பூசிட்டு இருந்தோம்.

மழைக்கு அப்புறம் இப்போ நிலவரம்: தரையிலேருந்து ஒரு அடி உயரத்துக்குள்ள லேசா வெள்ளை மாவு வந்துச்சு, காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டினா விழுந்துடுது, ஈரத்துணியால துடைக்கக் கூடாது, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். பூச்சு தட்டினா எங்கயும் டொக்கு சத்தம் இல்ல. சுண்ணாம்பு உப்ப தடுக்கலை, தடுக்கவும் தடுக்காது, வெளிய வரவிட்டுட்டு தான் கெடாம நிக்குது. பத்து பதினஞ்சு வருஷத்துல கீழ ஒரு அடி பூச்சு தேய்ஞ்சா அத மட்டும் எடுத்துப் புதுசா பூசினா போதும், செங்கல்லுக்கு சேதம் இல்ல.

அடுத்து பின்பக்க ரூம் சுவர். அதுக்கு சுண்ணாம்ப இப்பவே நீத்து வச்சாச்சு, மூணு மாசம் ஊறட்டும். பேப்பர் கூழ ஒரு அங்குலத்துக்கு பதிலா அரை அங்குலமா அப்பி, எண்ணிக்கைய கூட்டலாம்னு இருக்கேன், சீக்கிரம் காயும், பேப்பரும் குறையும். பூச்சு வேலைய மாசி கடைசிக்குள்ள முடிச்சிடணும், பங்குனி தாண்டினா மேக்கால அடிக்கற சூட்டுக்காத்துல சாக்கு ஈரமே நிக்க மாட்டேங்குது. செங்கல் பொடிய ரெண்டு சல்லடையில பிரிச்சு, மாவ முதல் பூச்சுக்கும் குருணைய இடுக்கு அடைக்கவும் எடுக்கணும். மீதி இருக்கற 3 லிட்டர் விழுது தண்ணிக்கு அடியிலதான் இருக்கு, இந்த வருஷம் டியூஷன் பசங்களுக்கு சுண்ணாம்புத் தண்ணி அதுலேருந்துதான்.